"சாப்பிட்டாச்சு" என்ற பொய்: பேராதனையின் சாப்பாட்டு மேசைகள் பற்றி

எங்களில் ஒருத்தர் பேராதனைக்கு வந்த முதல் வருடத்தில், கிட்டத்தட்ட நாலு மாதம், பகல் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிட்டார். விரிவுரை முடிந்ததும் "வா மச்சான், கன்டீனுக்குப் போவம்" என்று கூட்டம் கிளம்பும். இவர் "நான் சாப்பிட்டாச்சு" என்பார். பிறகு கலஹா வீதியால் தனியே நடந்து ஒரு சின்னக் கடைக்குள் நுழைவார். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ரெண்டு ரொட்டி, கொஞ்சம் சம்பல், ஒரு பிளேன்டி. முடிந்தது பகல் சாப்பாடு.

அவருடைய அம்மா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். அப்போது முழுப் பேருக்கு 1000 ரூபா. கொழுந்து குறைந்தால் அரைப் பேர். கன்டீனுக்குக் கூட்டமாகப் போனால் "இன்னைக்கு நான், நாளைக்கு நீ" என்று ஒரு கணக்கு தானாகவே ஓடும். அந்த "நாளைக்கு நீ"க்குப் பயந்துதான் அவர் போகவில்லை. பட்ச்சில் இருந்தவர்கள் நினைத்தது வேறு: பொடியனுக்குத் தலைக்கனம், ஒருத்தரோடயும் சேரமாட்டான்.

இதை எழுதலாம் என்று நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தபோது தெரிய வந்தது, எங்களில் எல்லாருமே ஏதோ ஒரு காலத்தில் தனியாகச் சாப்பிட்டிருக்கிறோம். ஒருத்திக்கு அது நாள் முழுக்க ஆட்களோடு பேசிக் களைத்த பிறகு கிடைக்கும் அரை மணி நேர ஓய்வு. இன்னொருத்தருக்குச் சைவச் சாப்பாடு பற்றி ஒவ்வொரு நாளும் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம். தனியாகச் சாப்பிடுவது சோகம், சேர்ந்து சாப்பிடுவது அன்பு என்று நாம் எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பேராதனையின் எழுபது வருடக் கதையைப் பார்த்தால் அது அவ்வளவு சுலபமாக இல்லை. அங்கே மாணவர் சேர்ந்து உண்ட ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வாசல் இருந்தது. அந்த வாசலில் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு கட்டணம் கேட்கப்பட்டது.

பந்தியில் தொடங்கிய சண்டை

தமிழில் இது மிகப் பழைய விஷயம். புறநானூற்றின் 182ஆம் பாடல், இந்த உலகம் இன்னும் அழியாமல் இருப்பதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, கிடைத்ததைத் தனியே உண்ணாத மனிதர் இருக்கிறார்கள் என்பது. ஆனால் அதே தமிழ்ச் சமூகம்தான் யார் யாரோடு பந்தியில் உட்காரலாம் என்பதற்கு மிகக் கறாரான சட்டங்களையும் வைத்திருந்தது. ஜெர்மன் சமூகவியலாளர் ஜோர்ஜ் சிமெல் 1910இல் எழுதிய ஒரு கட்டுரையில் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. நான் நினைப்பதை இன்னொருவரும் நினைக்கலாம், நான் பார்ப்பதை இன்னொருவரும் பார்க்கலாம், நான் உண்ட கவளத்தை மட்டும் வேறு எவரும் உண்ண முடியாது. இவ்வளவு தனிப்பட்ட ஒரு காரியத்தைக் கூட்டாகச் செய்ய வைக்கும்போது, அந்தக் கூட்டத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்பதும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

மாணவரின் சாப்பாடு தமிழ் அரசியலையே திருப்பிப் போட்ட கதை ஒன்று உண்டு. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் பணமும் போன இடம் அது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தார்கள். 1924-25இல் தமிழ்நாடு காங்கிரசையே அது உலுக்கியது. 1925 கடைசியில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்குப் பின்னால் இருந்த காரணங்களில் அந்தச் சாப்பாட்டுக் கூடமும் ஒன்று.

அதே காலத்தில் கடலுக்கு இந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில் 1924இல் மாணவர் காங்கிரஸ் தொடங்கியது. ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் முன்னின்ற அந்த இயக்கம் பிறகு வாலிபர் காங்கிரஸ் ஆனது. சாதி பாராமல் ஒரே பந்தியில் உண்பது அவர்கள் முன்னெடுத்த காரியங்களில் ஒன்று. எதிர்ப்பு சும்மா இருக்கவில்லை. 1930ஆம் ஆண்டளவில், உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும் என்ற உத்தரவுக்காகவே யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. சமமாக உட்கார்ந்து படிப்பதற்கே அந்த நிலை என்றால், சமமாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் பேராதனையில் போடப்பட்ட மேசை எவ்வளவு புதுமையானது என்று விளங்கும்.

வெளியே கண்டிக் கூரை, உள்ளே கேம்பிரிட்ஜ் மேசை

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் சங்கம் அமைத்துக் கேட்கத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் கேம்பிரிட்ஜில் படித்தவர். பல்கலைக்கழகம் வந்தது 1942 ஜூலையில். கொழும்பில், 904 மாணவரோடு. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸும் கேம்பிரிட்ஜ் ஆள்தான். அங்கே படிப்பு என்பது விரிவுரை மண்டபத்தோடு முடிவதில்லை. அந்தக் காலத்தில் கல்லூரி வாழ்க்கையும் ஒரே கூடத்தில் ஒன்றாகச் சாப்பிடுவதும் அதில் சேர்ந்தே இருந்தன. லண்டனில் பாரிஸ்டர் ஆக வேண்டுமென்றால் அப்போது பரீட்சை மட்டும் போதவில்லை. சட்ட விடுதியின் கூடத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கை இராச்சாப்பாட்டையும் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டியிருந்தது. அதாவது சாப்பாடே பாடத்திட்டத்தில் ஒரு பகுதி.

ஹந்தானை மலையடிவாரத்தில், மகாவலிக் கரையில் எழுந்த பேராதனை வளாகம் இந்த எண்ணத்தின் மேல்தான் கட்டப்பட்டது. பட்ரிக் அபகுரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் திட்டம் வரைந்தார்கள். கட்டிடங்களுக்குக் கண்டிப் பாணிக் கூரையும் பழைய இராசதானிகளின் சாயலும் கொடுத்தவர் ஷேர்லி டி அல்விஸ். 1952இல் கலைப்பீடம் கொழும்பிலிருந்து இங்கே வந்தது. 1954 ஏப்ரல் 20ஆம் திகதி, எலிசபெத் அரசி வந்திருந்தபோது, எடின்பரோ கோமகன் முறைப்படி திறந்துவைத்தார். அருணாசலம், ஜயதிலக, ராமநாதன், மார்ஸ், ஹில்டா ஒபேசேகர, சங்கமித்த என்று விடுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்டன், ஒரு சாப்பாட்டுக் கூடம்.

அந்தக் கூடத்தைப் பற்றி அங்கே படித்தவர்கள் எழுதிய நினைவுகளில் சில பொருட்கள் திரும்பத் திரும்ப வரும். மேசைவிரிப்பு, கத்தி, முள்ளுக்கரண்டி, பரிமாற ஆட்கள், வார்டனும் விருந்தினரும் உட்காரும் உயர்மேசை. கிராமத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பொடியன், முதல் நாள் இரவு, பக்கத்தில் இருப்பவரின் கையைக் கள்ளமாகப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டிருப்பான் என்று கற்பனை செய்வது கஷ்டமில்லை. அந்த மேசையின் வாசலில் கேட்கப்பட்ட கட்டணம் அதுதான்: ஆங்கில நடை, ஆங்கிலப் பழக்கம், அது வராவிட்டால் கூச்சம்.

ஆனால் அந்த மேசையில் இன்னொரு விஷயம் இருந்தது, அதை நாங்கள் இப்போதுதான் கவனிக்கிறோம். விடுதிக் கட்டணத்தில் தங்குவதும் சாப்பாடும் சேர்ந்தே இருந்தன. வசதியில்லாதவருக்கு பர்சரி என்ற உதவிப்பணம். சாப்பிடும் நேரத்தில் யாரும் சட்டைப்பைக்குள் கை விடத் தேவையில்லை. கொழும்பு வக்கீலின் மகனுக்கும் தென்மராட்சி விவசாயியின் மகனுக்கும் ஒரே கறி, ஒரே அளவு. யார் பர்சரியில் படிக்கிறான், யார் அப்பாவின் காசில் படிக்கிறான் என்பதை கோப்பையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேளாளரும் கரையாரும், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் எரிந்து கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. நடை மேசை மேல் இருந்தது, காசு மேசைக்கு வெளியே நின்றது.

கடுவ வந்தது, கன்டீன் வந்தது

1945இல் தொடங்கிய இலவசக் கல்வி, பிறகு பள்ளிக்கூடங்களில் தாய்மொழிப் படிப்பு, 1960இல் கலைப்பீடத்திலேயே சிங்களத்திலும் தமிழிலும் பட்டப்படிப்பு. ஜெனிங்ஸ் கணக்குப் போட்ட சில நூறு பேரின் பல்கலைக்கழகம் அத்தோடு முடிந்தது. 1960களின் நடுவில் நாட்டின் பல்கலைக்கழக மாணவர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒருவருக்கு ஒரு அறை என்று கட்டியதில் ரெண்டு பேர், பிறகு அதற்கும் மேல். வந்தவர்களில் பெரும்பாலானோர் முள்ளுக்கரண்டி பிடிக்காத வீடுகளின் பிள்ளைகள்.

அந்தக் காலத்துப் பேராதனையில் ஆங்கிலத்துக்கு மாணவர் வைத்த பட்டப்பெயர் "கடுவ". சிங்களத்தில் வாள் என்று அர்த்தம். தெரிந்தவன் கையில் இருந்தால் தெரியாதவனை வெட்டும் என்பதுதான் கருத்து. பேராதனையில் ஆங்கிலம் கற்பித்த திரு கந்தையா 1984இல் இந்தச் சொல்லை வைத்தே ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். சாப்பாட்டு மேசையில் இருந்த கத்தியும் அதே வாளின் தம்பிதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஆகவே அந்த மேசை போனதற்காக யாரும் அழத் தேவையில்லை. கையால் பிசைந்து சாப்பிடும் நாட்டில் கையால் சாப்பிடுவது கேவலமில்லை என்று ஆனது நல்ல மாற்றம்.

ஆனால் மேசைவிரிப்போடு இன்னொன்றும் சேர்ந்தே போய்விட்டது. விடுதிச் சாப்பாட்டுக் கூடம் காலப்போக்கில் கன்டீன் ஆனது. கன்டீன் என்றால் காசு கொடுத்து வாங்கும் இடம். யார் எத்தனை கறி எடுக்கிறான், யார் முட்டையோடு நிறுத்துகிறான், யார் வெறும் பருப்போடு போகிறான், எல்லாம் வரிசையில் நிற்பவருக்குத் தெரியும். முன்பு நடை மேசை மேல், காசு வெளியே. இப்போது நடை வெளியே போனது, காசு மேசைக்கு ஏறிவிட்டது. எங்கள் மஸ்கெலியாக்காரர் கலஹா வீதிக் கடையில் முதுகு காட்டி உட்கார்ந்ததற்குக் காரணம் இந்த இடமாற்றம்தான்.

எழுந்து போக முடியாத மேசை

கட்டாயத்தின் பேரில் போடப்படும் மேசையும் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசாமல் இலங்கைப் பல்கலைக்கழகச் சாப்பாடு பற்றி எழுத முடியாது.

பகிடிவதைக்குச் சொல்லப்படும் நியாயம் எப்போதும் ஒன்றுதான்: எல்லாரையும் சமமாக்குகிறோம். பணக்காரனும் ஏழையும், கொழும்பும் கிராமமும் ஒன்றாக வேண்டும். அதற்காகப் புதியவர்கள் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும், ஒன்றாகத்தான் சாப்பிட வேண்டும், ஒரு பார்சலைப் பலர் பிசைந்து தின்ன வேண்டும், கரண்டியைத் தொடக்கூடாது. கேட்கும்போது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் சமபந்தி மாதிரியே இருக்கும். வித்தியாசம் ஒன்றே ஒன்று. சமபந்திக்கு வந்தவர்கள் வர விரும்பி வந்தார்கள். விரும்பாதவர் எழுந்து போகலாம். இங்கே எழுந்து போனால் அடுத்த மூன்று வருடத்துக்கு ஆளே இல்லை.

இந்தச் "சமத்துவம்" எங்கே போய் நின்றது என்பதற்குப் பேராதனையிலேயே சாட்சி உண்டு. 1975இல் விவசாயபீட மாணவி ஒருவர் பகிடிவதைக்குத் தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்து, நடக்க முடியாமல் போனார். 1997இல் பொறியியற்பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர், சித்திரவதையான பயிற்சிகளால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதன் பிறகுதான் 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் வந்து பகிடிவதையைக் குற்றமாக்கியது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் பத்திரிகைகளில் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஒரு சூழலில் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஒரு பனிஸ் சாப்பிடும் முதலாம் வருடப் பிள்ளையைப் பார்த்து "சேரமாட்டாள்" என்று சொல்வது எவ்வளவு அநியாயம்! சில வேளைகளில் தனியாகச் சாப்பிடுவது மட்டுமே ஒருவருக்குக் கிடைக்கும் சுதந்திரம்.

1983 மேயும் அதற்குப் பிறகும்

ஜூலை 1983 எல்லாருக்கும் தெரியும். அதற்கு ரெண்டு மாதம் முன்பு, மே மாதத்தில், பேராதனையில் தமிழ் மாணவர் சக மாணவரால் தாக்கப்பட்டார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விடுதிகளை விட்டு அவர்கள் ஓட வேண்டி வந்தது. ஒரே கன்டீனில் வரிசையில் நின்றவர்கள், ஒரே குழாயில் கை கழுவியவர்கள்தான் அடித்தவர்களும் அடி வாங்கியவர்களும்.

இதை எழுதும்போது எங்களுக்கு ஒரு சங்கடம் வருகிறது. "ஒன்றாகச் சாப்பிட்டால் ஒற்றுமை வரும்" என்று மேடையில் எல்லாரும் சொல்வார்கள், நாங்களும் சொல்லியிருக்கிறோம். முப்பது வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட இடத்தில் நடந்தது இது. சேர்ந்து சாப்பிடுவது நல்ல விஷயம், ஆனால் அரசியல் செய்யத் தவறிய வேலையை ஒரு சாப்பாட்டு மேசை செய்து தராது.

பிறகு வந்த யுத்த வருடங்களில் தமிழ் மாணவர் கூட்டமாகவே கண்டி டவுனுக்குப் போய்க் கூட்டமாகவே சாப்பிட்டு வந்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். சோதனைச் சாவடியில் தனியாக நிற்பதை விட நாலு பேரோடு நிற்பது பாதுகாப்பு. 1998 ஜனவரியில் தலதா மாளிகை மீது நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு சொல்லவே வேண்டாம். அப்படி ஒரு காலத்தில் ஒன்றாகச் சாப்பிடுவது பயத்தின் வேலை. யுத்தம் முடிந்த பிறகு வந்த எங்களுக்கு, குட்ஷெட் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் தனியாக உட்கார்ந்து கொத்து சாப்பிட முடிவது சாதாரண விஷயம். அவர்களுக்கு அது இல்லை.

பில் இல்லாத மூன்று மேசைகள்

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்தின வருடம் 100 ரூபாவுக்கு வாங்கினது 195 ரூபா. அதே நேரம் 1981இல் தொடங்கிய மஹாபொல புலமைப்பரிசில் மாதம் ஏறத்தாழ 5000 ரூபாவிலேயே நின்றது. முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 170 ரூபாகூட வராது. மூன்று வேளைச் சாப்பாடு, பஸ், போட்டோகொப்பி எல்லாம் அதற்குள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் அது 7500 ஆனது.

எங்கள் மஸ்கெலியாக்காரர் அந்த வருடங்களை எப்படிக் கடந்தார் என்று கேட்டோம். அவர் சொன்ன பதிலில் மூன்று இடங்கள் வந்தன.

முதலாவது, குறிஞ்சிக்குமரன் கோயில். வளாகத்திலிருந்து மலைப்பக்கம் ஏறினால் வரும். பூசை முடிந்தால் கையில் பொங்கலோ சுண்டலோ கிடைக்கும். இரண்டாவது, வெசாக் தன்சல். வரிசையில் நின்றால் போதும், பெயரும் ஊரும் யாரும் கேட்கமாட்டார்கள். மூன்றாவதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் மாறியது. கிண்ணியாவைச் சேர்ந்த அவருடைய அறைத்தோழர் ஒரு நோன்பு மாதத்தில் அவரை நோன்பு திறக்கக் கூட்டிப் போனார். கஞ்சிக்குப் பிறகு சஹன் வந்தது. ஒரு பெரிய தட்டு, ஐந்து பேர், நடுவில் கறி. அவர் சொன்னது: "அன்னைக்கு நான் எவ்வளவு சாப்பிட்டேன்னு எனக்கே தெரியாது. வேற யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்குப் பெரிய நிம்மதியா இருந்திச்சு."

மூன்று மதங்கள், மூன்று மேசைகள், மூன்றிலும் பில் இல்லை. சஹனில் அதற்கு மேலும் ஒன்று: எல்லைக்கோடே இல்லாத தட்டில் யார் பங்கு எது என்று அளக்க முடியாது. ஜெனிங்ஸின் கூடத்தில் கத்தியையும் கூச்சத்தையும் கழித்துவிட்டால் மிஞ்சியிருக்கும் நல்ல விஷயமும் இதுதான். ஆனால் கோயிலும் தன்சலும் நோன்பும் வருடம் முழுக்க வராது. பசி ஒவ்வொரு நாளும் வரும். தினமும் பில் இல்லாமல் போடப்படும் மேசையை ஒரு நிறுவனம்தான் போட முடியும். பேராதனை ஒரு காலத்தில் அதைச் சில நூறு பேருக்குச் செய்தது. தொகை கூடியதும், நாடு ஏழையாக இருந்ததும் உண்மையான காரணங்கள்தான். ஆனால் இன்றைக்கு மாணவர் சங்கங்கள் விடுதிக்கும் புலமைப்பரிசிலுக்கும் போராடும்போது, சாப்பாட்டையும் படிப்பின் ஒரு பகுதியாகக் கேட்கலாம். இது ஒன்றும் புதுக் கோரிக்கை இல்லை. இந்த வளாகம் கட்டப்பட்டபோதே இருந்த எண்ணம்.

அது வரும் வரைக்கும் எங்களால் செய்ய முடிந்தது சின்னது. மஸ்கெலியாக்காரர் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். அவர் யாரிடமும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவருக்குத் தெரியும். பார்சலைப் பிரித்து நடுவில் வைத்துவிட்டு, "இது எனக்குக் கூட, வாங்க" என்று மட்டும் சொல்வார். வந்தால் சாப்பிடலாம். வராவிட்டாலும் ஏன் என்று கேட்கமாட்டார்.

நாங்களும் அதைப் பழகிக்கொண்டிருக்கிறோம்.